பாட்டி, சுண்டு, 12 நாள்: பூனைகளோடு ஒரு நிதானப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

பூனையோடு காரில் நீண்ட பயணம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது சாலையைப் பற்றித்தான். கத்தாதா, வாந்தி எடுக்காதா, எத்தனை மணி நேரம் தாங்கும்? நாங்களும் அதைத்தான் யோசித்தோம். அதனால் ஒரு நாளைக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்று முடிவுசெய்து, 11 இரவுகளுக்கு 9 தங்குமிடங்களைப் பதிவு செய்தோம். கொஞ்சம் தூரம், நிறைய ஊர். இதைவிட நிதானமாக யார் போக முடியும்?

ஐந்தாம் நாள் காலையில் அந்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டோம். ஏன் போட்டோம், அதன் பிறகு என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வு. தம்பி வண்டி ஓட்டினான், நான் பின்னால் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். எந்தப் பூனை எப்போது சாப்பிட்டது, லிட்டர் தட்டில் (பூனைகளின் கழிப்பறையான மணல் தட்டு) சிறுநீரில் உறைந்த மணல் எத்தனை கட்டி சேர்ந்தது, பயணக் கூடையைத் திறந்த பிறகு எவ்வளவு நேரம் ஒளிந்திருந்தது என்று எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிவைத்தேன். நினைவை நம்பியிருந்தால் எல்லாம் நன்றாகத்தான் போனது என்று எழுதியிருப்பேன்.

பயணிகள்

பாட்டிக்கு 11 வயது. சாம்பல் நிறம், 3.4 கிலோ. சிறுநீரக நோயின் தொடக்க நிலை என்று போன ஆண்டு தெரியவந்தது. தண்ணீர் குறைந்தால் அவளுக்கு ஆகாது. கால்நடை மருத்துவரைப் பார்க்கப் போவதைத் தவிர வேறெதற்கும் அவள் வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை.

சுண்டுவுக்கு 3 வயது. கருத்தடை செய்த செம்பட்டை நிற ஆண். சுண்டுவிரல் அளவில் கிடைத்ததால் வைத்த பெயர், இப்போது 5.2 கிலோ. பயம் கம்மி, வயிறுதான் பலவீனம்.

இருவரையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, வந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய்திருக்கலாம். பெரும்பாலான பூனைகளுக்கு அதுதான் நல்லது என்று எங்கள் டாக்டரே சொன்னார். ஆனால் பாட்டிக்குத் தினமும் மருந்து உண்டு, அதை எங்கள் இருவரிடம் மட்டும்தான் வாங்கிக்கொள்வாள். அதனால்தான் அழைத்துப் போனோம். ஆசைக்காக மட்டும் என்றால் போயிருக்க மாட்டோம் என்று சொல்லிக்கொள்கிறேன். தம்பி இதை நம்பவில்லை.

கிளம்பும் முன் 5 வாரம்

இதில் அதிகப் பலன் தந்தது கூடைப் பயிற்சிதான். பரணிலிருந்து கூடை இறங்கினால் ஊசி என்று பூனைக்குத் தெரியும். அந்தக் கணக்கை மறக்கடிக்க வேண்டும். கூடைகளை வரவேற்பறையிலேயே திறந்து வைத்தோம். உள்ளே துவைக்காத பழைய போர்வை. முதல் வாரம் கூடையின் வாசலில் சாப்பாடு, இரண்டாம் வாரம் உள்ளே. பிறகு ஒரு நிமிடம் கதவை மூடினோம். அப்புறம் நின்றுகொண்டிருக்கும் காரில் 5 நிமிடம், எஞ்சினை ஓடவிட்டு 5 நிமிடம், தெருவில் ஒரு சுற்று, கடைசியில் 20 நிமிட ஓட்டம். நான்காம் வாரம் பாட்டி தானாகவே கூடைக்குள் போய்த் தூங்க ஆரம்பித்தாள். இதன் முழு மதிப்பு எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

ஒத்திகை ஓட்டத்தில் சுண்டு உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான், பிறகு எச்சில் ஒழுகியது. அடம் என்று நினைத்தேன். இல்லை, குமட்டலின் அடையாளம் அது. டாக்டர் வாந்தித் தடுப்பு மருந்து கொடுத்தார். கிளம்புவதற்கு 4, 5 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார். தண்ணீருக்குத் தடை இல்லை.

பாட்டிக்குப் பதற்றம் குறைக்கக் காபாபென்டின். பயணத்துக்கு 2, 3 மணி நேரம் முன்பு கொடுக்கும் மருந்து, இப்போது பூனைகளுக்குப் பரவலாக எழுதித் தருகிறார்கள். அது சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்பதால் பாட்டிக்கு அளவைக் குறைத்தே தந்தார். வீட்டில் ஒரு முறை கொடுத்துப் பார்க்கவும் சொன்னார். நல்ல வேளை, பார்த்தோம். அன்று தள்ளாடியபடி அலமாரியில் ஏறப் போனவளைத் தம்பி பிடித்து இறக்கினான். மருந்து கொடுத்த நாளில் உயரம் கூடாது என்று குறிப்பேட்டில் முதல் விதியாக எழுதினேன். மனிதர்களுக்கான மாத்திரை எதையும் நாமாகக் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

இருவருக்கும் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் உண்டு. அது 15 இலக்க எண் மட்டுமே, பூனை எங்கே இருக்கிறது என்று காட்டாது. அந்த எண்ணோடு பதிவாகியுள்ள தொலைபேசி எண் சரியாக இருந்தால்தான் பயன். சரிபார்த்தபோது சுண்டுவின் பதிவில் என்னுடைய பழைய எண் இருந்தது. மூன்று வருடமாக அவன் கழுத்துக்குள் ஒரு தவறான முகவரியைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான்.

காருக்குள்

ஆளுக்கொரு கூடை, கெட்டி பிளாஸ்டிக், மேல்பக்கமும் திறக்கும் வகை. இரண்டையும் முன்னிருக்கைகளுக்குப் பின்னால், கால் வைக்கும் தரையில் வைத்து, இருக்கையைப் பின்னுக்கு நகர்த்தி இறுக்கினோம். சீட்பெல்ட்டால் கட்டுவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் அதற்கென்று செய்யப்படாத கூடை, திடீரென்று பிரேக் போட்டால் பெல்ட் அழுத்தத்தில் உடைந்துவிடக்கூடும். ஓடும் காரில் பூனையை வெளியே விடவே இல்லை. பயந்த பூனை பதுங்க இடம் தேடும். பிரேக் மிதிக்கு அடியில் இருக்கும் இருட்டு அதற்குப் பிடித்துப்போகலாம்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு தவறு நடந்தது. முன்னால் ஏசி நன்றாகக் குளிர்ந்தது. நான் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையோரம் நிறுத்தியபோதுதான் தம்பி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, சுண்டு நாய் மாதிரி வாயைத் திறந்துக்கிட்டு மூச்சு விடுறான்."

நாய் அப்படி மூச்சு விடுவது சாதாரணம். பூனை விட்டால் சூடு அல்லது கடும் பயம், இல்லாவிட்டால் நோய். நிழலுக்கு நகர்த்தினோம். கூடையின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தோம். காற்றை அதன் பக்கம் திருப்பி, அறைவெப்பத் தண்ணீரில் நனைத்த துணியால் பாதங்களைத் துடைத்தோம். இரண்டு நிமிடத்தில் வாயை மூடிவிட்டான். அமைதியான இடத்தில் சில நிமிடம் ஆகியும் நிற்காமல் இருந்திருந்தால் நேரே மருத்துவமனைதான். பூனையின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 38.1 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 40ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. நடுவில் இருக்கும் இடைவெளி எவ்வளவு சிறியது, பாருங்கள்.

என்ன நடந்தது என்று அன்று மாலை அளந்து பார்த்தோம். முன்னிருக்கை உயரத்தில் 24 டிகிரி. அதே நேரத்தில் துணி போர்த்திய கூடைக்குள் 29. எங்கள் காரில் பின்பக்கத் தரைக்கு ஏசி துவாரம் கிடையாது. பயம் குறையட்டும் என்று நாலு பக்கமும் போர்த்திய துணி, வந்த கொஞ்சக் காற்றையும் தடுத்துவிட்டது. மறுநாளிலிருந்து துணியை இரண்டு பக்கம் மட்டும் போட்டோம். கூடைக்குள் ஒரு சின்ன வெப்பமானியையும் தொங்கவிட்டோம். இந்தப் பயணத்தில் வாங்கியவற்றிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

நிறுத்தும் இடங்களில் யாராவது ஒருவர் காரிலேயே இருந்தோம். வெளியே 30 டிகிரி இருந்தால் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 40ஐ நெருங்கிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

முதல் நான்கு இரவுகள்

சாலையைப் பொறுத்தவரை, சூடான அந்த ஒரு மதியத்தைத் தவிர எல்லாம் எளிதாகவே போனது. பாட்டி முதல் 25 நிமிடம் கத்துவாள், பிறகு தூங்கிவிடுவாள். சுண்டு ஒரு முறைதான் வாந்தி எடுத்தான். தினமும் 95 முதல் 125 கிலோமீட்டர். மதியத்துக்குள் அறை, மாலையில் நாங்கள் மாற்றி மாற்றி ஊர் சுற்றல். எங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது.

குறிப்பேட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. கூடையைத் திறந்ததிலிருந்து தானாக வெளியே வந்து சாப்பிடும் வரை பாட்டி எடுத்துக்கொண்ட நேரம்: முதல் அறையில் 5 மணி நேரம், இரண்டாவதில் 7 மணி நேரம், மூன்றாவதில் 12 மணி நேரத்துக்கு மேல். விடியற்காலை 4 மணிக்கு நாலு வாய் சாப்பிட்டாள், அவ்வளவுதான். போகப் போகப் பழகிவிடும் என்றுதான் நினைத்திருந்தோம். எண்கள் எதிர்த்திசையில் போயின. ஆனாலும் இரண்டு நாள் அதைப் பார்க்காத மாதிரியே இருந்தோம். அடுத்த இடங்களுக்குப் பணம் கட்டியாயிற்று அல்லவா.

மூன்றாவது அறையில் இன்னொன்றும் நடந்தது. மேசை மீது வரவேற்புக்காக ஒரு ஜாடியில் லில்லிப் பூக்கள். நல்ல மணம். பூனைக்கு அது விஷம். இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவுமே ஆகாது, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். மேலே சிந்திய மகரந்தத்தை நக்கினாலே போதும். (குளத்தில் பூக்கும் அல்லி வேறு, இது லிலியம் இனம். பெயரை வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பூனைகள் கூடையில் இருக்கும்போதே ஜாடியை வெளியே வைத்துவிட்டு மேசையை இரண்டு முறை துடைத்தோம். அன்றிலிருந்து ஒருவர் முதலில் அறைக்குள் போய்ச் சோதித்த பிறகே கூடை உள்ளே வரும்: செடி, பூ, மணம் பரப்பும் எண்ணெய்க் கருவி, பூச்சிமருந்து, திறந்த ஜன்னல், கட்டிலுக்கு அடியில்.

கட்டிலுக்கு அடியில் நான் பார்க்கவும் செய்தேன். மேலோட்டமாகத்தான். அதன் விளைவு நான்காம் இரவு.

பாட்டி காணவில்லை

மாலை கூடையைத் திறந்தோம். ஏழு மணிக்கு மீதிப் பையை எடுத்துவரத் தம்பி வெளியே போய் வந்தான். எட்டு மணிக்குப் பாட்டி எங்கும் இல்லை. குளியலறை, அலமாரி, திரைக்குப் பின்னால் என்று எங்கு தேடியும் இல்லை. கதவு திறந்த அந்தப் பத்து விநாடியில் போய்விட்டாள் என்று இருவரும் முடிவுக்கு வந்தோம். தம்பி டார்ச்சோடு தோட்டத்துக்கு ஓடினான். அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

2018இல் வெளியான ஓர் ஆய்வைக் கிளம்பும் முன் படித்திருந்தேன். தொலைந்து பிறகு கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்திருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைகளில் பாதி 39 மீட்டருக்குள். பயந்த வீட்டுப் பூனை ஓடாது, கிட்டத்திலேயே எங்காவது அசையாமல் கிடக்கும், கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. இது நினைவுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு, "முதல்ல இந்த அறையை முடிப்போம்" என்றேன்.

விளக்கை அணைத்துவிட்டுத் தரையோடு படுத்து டார்ச் அடித்தேன். கட்டில், பெட்டி போல மூடிய வகை. அதன் அடிப்பக்கத் துணியில் ஓரிடத்தில் கையகலக் கிழிசல், விளிம்பில் சாம்பல் நிற முடி. கிழிசல் வழியாக ஒளியை விட்டதும் உள்ளே இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னின.

"கையை விட்டு இழுக்கவா அக்கா?" வேண்டாம் என்றேன். இழுத்தால் இன்னும் உள்ளே போவாள், கடிப்பாள், இனி எங்கள் கைகளையும் நம்ப மாட்டாள். கூடையின் வாயைக் கிழிசலுக்கு நேராக வைத்தோம். ஈரத்தீனியைக் கொஞ்சம் சூடாக்கி வாசலில் வைத்துவிட்டு, இருட்டில் பேசாமல் உட்கார்ந்தோம். 2:40க்கு வந்தாள். சாப்பாட்டைத் தாண்டி நேராகக் கூடைக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள்.

இதோடு முடியவில்லை. மரத்தூசியும் வேறு யாருடைய மணமோ ஒட்டியிருந்த பாட்டியை முகர்ந்த சுண்டு சீறினான். எட்டு ஆண்டு மூத்தவளை, தினமும் கூடத் தூங்குகிறவளை! பூனைகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் மணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மணம் மாறினால் ஆள் மாறிய மாதிரி. சுண்டுவைக் குளியலறையில் தனியாகப் படுக்கவைத்து, போர்வைகளை மாற்றிப் போட்டோம். காலையில் சமாதானம்.

காலைக் கணக்கு: பாட்டி சாப்பிட்டு வெகு நேரம் ஆகிவிட்டது. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும், பருமனான பூனைக்கு இன்னும் விரைவாக. பாட்டிக்குச் சிறுநீரகமும் இருக்கிறது. 24 மணி நேரம் என்று எல்லை வைத்துக்கொண்டு டாக்டரை அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கார்ல எப்படி இருக்கா?"

நன்றாகத் தூங்குகிறாள் என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

திட்டம் மாறியது

கார் ஓடும்போது பாட்டி இருப்பது காரில் இல்லை, தன் கூடையில். ஐந்து வாரம் வரவேற்பறையில் கிடந்த கூடை, வீட்டு மணம், அதே போர்வை. அவளைப் பொறுத்தவரை வீடு நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டிலிருந்து நாங்கள்தான் தினமும் ஒரு புது இடத்தில் இறக்கிவிட்டோம். பூனை தன் எல்லையை முகர்ந்தும், கன்னத்தை உரசி மணம் பூசியும் உருவாக்குகிறது. அதற்கு நேரம் வேண்டும். ஓர் அறையை முகர்ந்து முடிப்பதற்குள் நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். நிதானம் என்று நாங்கள் வைத்திருந்தது எங்களுடைய நிதானம்.

மீதமிருந்த இடங்களில் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பவில்லை. புதிய கணக்கு: ஐந்தாம் நாள் 210 கிலோமீட்டர் ஓட்டி, ஏரிக்கரையில் ஒரு வீட்டில் 4 இரவு. பிறகு 230 கிலோமீட்டர் ஓட்டி, இன்னோர் இடத்தில் 3 இரவு. கடைசி நாள் 240 கிலோமீட்டரில் வீடு. தூரம் இரட்டிப்பாகிறதே என்று தம்பிக்குத் தயக்கம். இடைவெளிகளோடு சேர்த்து ஐந்தரை மணி நேரம் ஆனது, பாட்டி அதில் ஐந்து மணி நேரம் தூங்கினாள்.

இறக்கும் முறையையும் மாற்றினோம். முழு வீட்டையும் திறந்துவிடவில்லை. ஒரு சின்ன அறை மட்டும், கட்டில் இல்லாதது. அதில் கூடை, போர்வை, தண்ணீர், லிட்டர் தட்டு. வீட்டில் பயன்படுத்தும் அதே மணல், அதில் பழைய தட்டிலிருந்து எடுத்துவந்த ஒரு பிடியைக் கலந்தோம். கூடைக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

மூன்று மணி நேரத்தில் சாப்பிட்டாள். இரண்டாம் நாள் தட்டை முழுசாகக் காலி செய்துவிட்டு ஜன்னலில் ஏறி உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கதவு நிலையில் கன்னத்தை உரசினாள். சுண்டு ஹார்னெஸ் (உடலைச் சுற்றிக் கட்டும் வார்) போட்டுக்கொண்டு காலையில் 15 நிமிடம் கரையோரம் நடந்தான். நடந்தான் என்பதைவிட ஒரே புல்லை முகர்ந்தான் என்பது சரி. ஹார்னெஸுக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் விடக் கூடாது, பூனை பின்னோக்கி நடந்தே கழன்றுவிடும். கடைசித் தங்குமிடத்தில் பாட்டி எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 10 நிமிடம். அன்று காபாபென்டினும் கொடுக்கவில்லை.

எண்களை எவ்வளவு நம்பலாம்

இரண்டு பூனை, ஒரு பயணம். இதை வைத்துப் பெரிதாக எதுவும் நிறுவ முடியாது. அதோடு, ஒரே நாளில் இரண்டு விஷயங்களை மாற்றிவிட்டோம்: தங்கும் நாட்களைக் கூட்டினோம், இறக்கும் இடத்தைச் சுருக்கினோம். ஐந்தாம் நாள் 3 மணி நேரத்திலேயே அவள் வெளியே வந்ததற்கு நீண்ட தங்கல் காரணமாக இருக்க முடியாது. நாளைக்கும் இங்கேதான் என்று அவளுக்கு யார் சொன்னது? அது சின்ன அறையின் வேலை. முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்திருந்தால் கட்டில் கதையே நடந்திருக்காது.

ஆனால் இரண்டாம் நாள் ஜன்னல், மூன்றாம் நாள் கன்னம் உரசல் இரண்டும் தங்கலின் பலன் என்றே நினைக்கிறேன். ஓர் இரவுத் தங்கலில் அவை வருவதற்கு நாளே இல்லை.

லிட்டர் தட்டின் கணக்கிலும் இது தெரிந்தது. முதல் நான்கு நாட்களில் சுண்டுவின் சிறுநீர்க் கட்டி ஒரு நாளைக்கு ஒன்று, வீட்டில் மூன்று. ஆண் பூனை அடக்கி வைப்பதும், முக்கியும் வராமல் இருப்பதும் வெவ்வேறு. இரண்டாவது, மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகும் அவசரம். மன அழுத்தமும் சிறுநீர்ப்பை அழற்சியைக் கிளப்பிவிடும். அவன் முக்கவில்லை என்பதால் காத்திருந்தோம். ஏரிக்கரையில் இரண்டாம் நாளிலிருந்து மூன்று. பாட்டியின் ஈரத்தீனியில் ஏற்கெனவே முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். நாங்கள் இன்னும் இரண்டு கரண்டி சேர்த்துக் குழைத்ததால் அவளுடைய கணக்கு பெரிதாகக் குறையவில்லை.

பன்னிரண்டாம் நாள்

மாலை 5 மணிக்கு வீடு. சுண்டு வெளியே குதித்து எல்லா மூலையையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தான். பாட்டியின் கூடையைத் திறந்து வரவேற்பறையில் அதன் பழைய இடத்தில் வைத்தேன். அவள் வெளியே வரவில்லை. பதறிப்போய்க் குறிப்பேட்டை எடுத்து நேரம் குறித்தேன். 5:20. 5:45. ஆறு மணிக்குக் குனிந்து பார்த்தேன். தலையை முன்னங்காலில் வைத்து, ஒருக்களித்த வாக்கில், வாய் லேசாகப் பிளந்து நல்ல தூக்கம்.

"அக்கா, நோட்டை மூடு," என்றான் தம்பி.